பழைய காரும் மேல்செலவும்

பழைய கார் வாங்க வருகிறவர் விலையை மட்டும்தான் பேசுவார். ஐந்நூறு ரூபாய் குறைக்க அரை நாள் உட்கார்ந்து பேசுவார். டீ இரண்டு தடவை வரும். விலை முடிந்த பிறகு, அந்த ஐந்நூறைப் போலப் பல மடங்கு வேறு வேறு பெயர்களில் கையை விட்டுப் போகும். அப்போது வாயே திறக்கமாட்டார். "அதெல்லாம் ஆபீஸ் செலவுங்க" என்பார் புரோக்கர். இவரும் தலையாட்டுவார்.

இதை நான் ஈரோட்டில் ஒரு ஆட்டோ ஃபைனான்ஸின் கணக்கு மேசையிலிருந்து பார்த்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கணக்கெழுதச் சேர்ந்தேன். தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தேன். எங்கள் பேரேட்டில் வண்டி விலைக்கு ஒரு பத்தி, அட்வான்ஸுக்கு ஒரு பத்தி, ஃபைனான்ஸ் தொகைக்கு ஒரு பத்தி, டியூவுக்கு ஒரு பத்தி. கடைசியில் 'இதர' என்று ஒன்று. மற்றப் பத்திகள் பார்ட்டியின் வசதிக்கேற்ப ஏறும், இறங்கும். 'இதர' மட்டும் ஒரு வருடமும் இளைத்ததில்லை.

இன்றைக்குப் பழைய கார் வாங்கும் இளைஞர்கள், இந்த மறைமுகக் கட்டணமெல்லாம் இப்போதைய கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இதற்கு எழுபது வருடத்துக்குக் குறையாத வரலாறு இருக்கிறது. அரசு எந்த இடத்தில் விலையைக் கட்டியதோ, அந்த இடத்தை விட்டுவிட்டுக் காசு பக்கத்திலிருந்த இன்னொரு தாளுக்கு நகர்ந்தது. அந்தத் தாளைத்தான் வாங்குகிறவர் படிப்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சில வருடங்கள் வரை வெளிநாட்டுக் கார்களைப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். 1953இல் டாரிஃப் கமிஷன் ஒரு முடிவுக்கு வந்தது: இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இனி அனுமதி. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. மிஞ்சியது மூன்று கார். கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், அதன் அம்பாசடர் 1957இல் வந்தது. பம்பாயில் பிரீமியர் செய்த ஃபியட். நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட்; அதன் ஹெரால்ட் 1961இல் வந்தது. நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். புதுக் காருக்குப் பணம் கட்டிப் பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஃபியட்டுக்கு வரிசை இன்னும் நீளம். காத்திருக்க முடியாதவர் பழைய காரைத் தேடி வந்தார். அதனால் ஓடித் தேய்ந்த கார், கடையில் கிடைக்காத புதுக் காரைவிட அதிக விலைக்குப் போன விநோதமும் நடந்தது. பழைய பொருளின் விலை ஏறும் சந்தையை என் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்கூட்டரிலும் அதையே பார்த்தவர்கள் நாங்கள்.

இந்தக் கள்ள லாபத்தை ஒடுக்க மத்திய அரசு 1959இல் கார் விநியோகம், விற்பனை இரண்டையும் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. டீலர் பதிவேடு வைத்து வரிசைப்படி கார் தர வேண்டும். வாங்கியவர் அரசின் அனுமதி இல்லாமல் இரண்டு வருடத்துக்கு அந்தக் காரை விற்கக் கூடாது. 1969இல் புதுக் காரின் விலையையே அரசு நிர்ணயித்தது. கார் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் அதை எதிர்த்தன. கட்டுப்பாடெல்லாம் நல்ல எண்ணத்தில் வந்தவைதான். ஆனால் விற்கக் கூடாது என்றதும் விற்காமலா இருந்தார்கள்? பெயர் மாற்றாமல் விற்றார்கள். 1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, கை மாறினால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. கை மாறிய தேதி எது என்று தாள் சொன்னால்தானே 14 நாளை எண்ண முடியும்? கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. தேதி போடாத அந்தப் படிவத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கார் ஓடியது. இரண்டு வருடம் கழிந்ததும் தேதி ஏறும்.

மேல்செலவின் மூத்த பிள்ளை இந்தத் தேதியில்லாத கையெழுத்துதான். படிவத்தைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு ஒருவருக்குக் காசு. வண்டி மறுபடி கை மாறினால் முதல் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துப் புதிய கையெழுத்து வாங்கித் தருவதற்கு இன்னொருவருக்குக் காசு. முதல் சொந்தக்காரர் ஊர் மாறியிருந்தால் போக்குவரத்துச் செலவு. இறந்துபோயிருந்தால் வாரிசு, அவருக்கும் ஏதாவது. இதில் எதுவும் காரின் விலையில் சேராது. ரசீது யாரும் தரமாட்டார்கள், தரவும் முடியாது. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. தொழிலுக்கு அதன் ருசி தெரிந்துவிட்டது.

புரோக்கர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஈரோட்டில் கார் புரோக்கருக்குக் கடை கிடையாது. டீக்கடைப் பெஞ்சுதான் ஆபீஸ், கையில் ஒரு சிறிய நோட்டு, அதில் எந்த ஊரில் யாருடைய வண்டி விலைக்கு இருக்கிறது என்ற குறிப்பு. ஒர்க்‌ஷாப் மேஸ்திரிகளும் டிரைவர்களும்தான் அவருக்குத் தகவல் சொல்கிறவர்கள். அவர்களுக்கும் அதில் ஒரு பங்கு. விற்கிறவரிடம் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு, வாங்குகிறவரிடமும் அதே என்று வாய்வழக்கு. இது வெளிப்படை, இதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. வெளியே தெரியாதது மேலே வைத்து விற்பது. விற்கிறவர் நாற்பதாயிரம் கிடைத்தால் போதும் என்பார். வாங்குகிறவரிடம் நாற்பத்தைந்து முடியும். நடுவிலுள்ள ஐந்தும் புரோக்கருக்கு, அதோடு இரண்டு பக்கக் கமிஷனும். இதற்காகவே விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் பேசிவிடாமல் பார்த்துக்கொள்வார். "பார்ட்டி கொஞ்சம் கோவக்காரருங்க, நீங்க பேசுனா காரியம் கெட்டுப்போகும், நான் முடிச்சுக் குடுக்கறேன்" என்று இரண்டு பக்கமும் ஒரே வசனம் ஓடும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விலைதான் மறைவு, மாடு கண்ணுக்கு முன்னால் நிற்கும். கார் வியாபாரத்தில் விலையைத் தெருவுக்கே கேட்கும்படி பேசுவார்கள். மற்றதெல்லாம் துண்டுக்கு அடியில்.

ஆனால் புரோக்கரின் மேல் காசெல்லாம் சில்லறை. பெரிய தொகை எங்கள் மேசையில்தான் இருந்தது.

வாகன ஃபைனான்ஸ் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த தொழில் என்றே சொல்லலாம். டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த டி.எஸ். சந்தானம் 1954இல் இரண்டு லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரியும் பஸ்ஸும் வாங்க வங்கிகள் கடன் தராத காலம் அது. ஒரே லாரி வைத்திருந்தவரை முதலாளி ஆக்கியது இந்தத் தொழில்தான் என்பதை மறுக்க முடியாது. நம் கொங்குப் பக்கத்தில் நாமக்கல், கரூர், திருச்செங்கோடு, ஈரோடு எங்கும் உறவினர்கள் பங்கு சேர்ந்து நடத்திய சிறிய ஃபைனான்ஸ்கள் முளைத்தன. புது லாரியில் தொடங்கியவர்கள் பழைய லாரிக்கு வந்தார்கள், அங்கிருந்து பழைய காருக்கு.

எல்லோரும் செய்தது ஹையர் பர்ச்சேஸ், வாய்ப்பேச்சில் ஹெச்.பி. காகிதத்தின்படி இது கடனே அல்ல. வண்டி ஃபைனான்ஸுக்குச் சொந்தம், பார்ட்டி அதை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார், கடைசித் தவணை கட்டியதும் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம். வாடகை என்று சொல்லிவிட்டால் வட்டி என்ற பேச்சே இல்லை அல்லவா? இந்த ஏற்பாடு உண்மையில் வாடகையா கடனா என்று சுந்தரம் ஃபைனான்ஸுக்கும் கேரள அரசுக்கும் விற்பனை வரி சம்பந்தமாக நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளின் நடுவில் தீர்ப்புச் சொன்னது. வாங்குகிறவரே வண்டியை வாங்கி, ஃபைனான்ஸ் பணம் மட்டும் கொடுக்கும் இடத்தில் தாளில் என்ன எழுதியிருந்தாலும் சாரத்தில் அது கடன்தான், அதனால் அதில் விற்பனை வரி இல்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஃபைனான்ஸ் தொழிலுக்குச் சாதகமான தீர்ப்பு. விநோதம் பாருங்கள்: வரி கேட்டு வந்தால் இது கடன், வட்டி கேட்டு வந்தால் இது வாடகை. பிறகு 1982இல் அரசியல் சாசனத்தையே திருத்தி ஹெச்.பி.யை விற்பனை வரிக்குள் கொண்டுவந்தார்கள். அந்த வரியும் கடைசியில் யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். எண்பதுகளின் ஒரு பழைய அம்பாசடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை அறுபதாயிரம். பார்ட்டி கையில் இருபது, ஃபைனான்ஸ் நாற்பது. வட்டி எவ்வளவு என்று கேட்பார். "பதினாலு பர்சென்ட்தானுங்க, ஃபிளாட்" என்று பதில் வரும். நாற்பதாயிரத்துக்குப் பதினான்கு சதவீதம் வருடத்துக்கு 5,600, இரண்டரை வருடத்துக்கு 14,000. மொத்தம் 54,000. முப்பது மாதம், மாதம் 1,800 ரூபாய் டியூ. மனக்கணக்காகவே போட்டுவிடலாம், சுத்தமாக முடியும். பார்ட்டிக்குத் திருப்தி.

சூட்சுமம் இதுதான். மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டு வருகிறது, ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் நாற்பதாயிரத்துக்கே கடைசி மாதம் வரை ஓடுகிறது. கடைசி வருடத்தில் பாதிக்கும் குறைவான அசல்தான் பார்ட்டியிடம் இருக்கும். வட்டி முழுத் தொகைக்கு. குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் இந்தப் பதினான்கு, இருபத்து நான்கைத் தாண்டிவிடுகிறது. அதோடு முடியவில்லை. முதல் டியூவை அட்வான்ஸாக அன்றைக்கே பிடித்துக்கொள்வது வழக்கம். டாக்குமென்ட் சார்ஜ் என்று ஒரு ஐந்நூறு. ஆக, பார்ட்டியின் கையில் உண்மையில் வந்தது 37,700. அதற்கு இன்னும் 29 டியூ. இப்போது கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 28 சதவீதம். சொன்னது 14, கொடுத்தது 28. இதில் பொய் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. பதினான்கு என்று சொன்னது பதினான்குதான், ஃபிளாட் என்றும் சொல்லியாகிவிட்டது. ஃபிளாட் என்றால் என்ன என்று கேட்டவர்கள் வெகு சிலர். அதிலும் பாதிப்பேர் நெல் மண்டிக்காரர்கள். அவர்களுக்கு இந்த வித்தை முன்பே தெரியும், கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

இன்சூரன்ஸ் எங்கள் மூலமாகத்தான் போட வேண்டும், அதில் ஒரு கமிஷன். டியூ தள்ளிப்போனால் ஓ.டி. சார்ஜ். வண்டியை சீஸ் செய்தால் செலவு, நிறுத்தி வைத்த யார்டுக்கு வாடகை. முன்கூட்டியே முடிக்க வந்தால் மிச்ச வட்டியில் எவ்வளவு தள்ளுவது என்பது முதலாளியின் அன்றைய மனநிலை. எல்லாம் கட்டி முடித்த பிறகு, ஆர்.சி. புத்தகத்திலிருந்து ஹெச்.பி.யை நீக்கித் தர ஒரு கடைசிக் கையெழுத்து. அதற்கும் ஒரு தொகை உண்டு, அதைப் பற்றி முதல் நாள் யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் சட்டம் கவனிக்கவில்லையா என்றால், கவனித்தது. 1972இல் நாடாளுமன்றம் ஹையர் பர்ச்சேஸ் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கினால் என்ன விலை, தவணையில் வாங்கினால் மொத்தம் என்ன விலை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று சொல்ல வேண்டும். தவணைக்கட்டணத்துக்கு ஒரு சூத்திரம் தந்து, அதில் வருட வீதம் 30 சதவீதத்துக்கு மிகாமல் வரம்பு கட்டியது. முன்கூட்டி முடித்தால் தள்ளுபடி உரிமை. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டிவிட்டவரின் வண்டியை நீதிமன்றம் போகாமல் பிடுங்கக் கூடாது. படித்துப் பார்த்தால், எங்கள் பேரேட்டின் 'இதர'ப் பத்தியை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கும்.

1973 ஜூன் 1 முதல் அமல் என்று அறிவிப்பு வந்தது. அந்தத் தேதி வருவதற்கு முன்பே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு அந்தச் சட்டம் அமலுக்கே வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் சட்டப் புத்தகத்தில் படுத்திருந்துவிட்டு, 2005இல் ரத்தானது. பிறந்து, ஒரு நாளும் எழுந்து நடக்காமல், முறைப்படி இறப்புச் சான்றிதழ் வாங்கிய சட்டம். எங்கள் தொழிலில் அதன் பெயரைத் தெரிந்தவர்கள் வக்கீல்கள் மட்டும்தான். அந்த ஒரு சட்டம் அமலுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது என்பது என் துணிவு. வாங்குகிறவர் ஏமாளி என்பதெல்லாம் பிறகு வரும் பேச்சு. அவர் படிக்க வேண்டிய தாளை யாரும் அவரிடம் நீட்டவே இல்லை.

1983 டிசம்பர் 14ஆம் தேதி இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800 சாவி கொடுக்கப்பட்டது. முதல் சில வருடம் அதற்கும் வரிசை, அதற்கும் மேல் காசு. தொண்ணூறுகளில் நிலைமை மாறிவிட்டது. புதுக் கார் கேட்டதும் கிடைத்தது. பழைய காரின் விலை முதல் முறையாக ஒழுங்காக இறங்கியது. புரோக்கர்கள் பெஞ்சை விட்டு எழுந்து பெருந்துறை ரோட்டில் ஷெட் போட்டார்கள், பத்து வண்டி நிறுத்தினார்கள், 'ஆட்டோ கன்சல்டிங்' என்று போர்டு மாட்டினார்கள். எல்லா வண்டியும் சிங்கிள் ஓனர், அதிலும் பாதி டாக்டர் ஓட்டியது. ஈரோட்டில் அத்தனை டாக்டர்கள் இருந்திருந்தால் ஒருவருக்கும் காய்ச்சலே வந்திருக்காது.

இதற்கு நடுவில் 1989 ஜூலை 1 முதல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தது. கையெழுத்துப் படிவங்களுக்கு இன்றைய எண்கள் வந்தன. விற்றவருக்கு 29, பெயர் மாற்ற 30, வேறு ஊர்ப் பதிவு அலுவலகத்துக்குப் போக என்.ஓ.சி.க்கு 28, கடன் நீக்க 35. தேதி போடாத பழைய வழக்கம் புதிய எண்ணோடு தொடர்ந்தது. இப்போது காரணம் கட்டுப்பாட்டு ஆணை அல்ல. கன்சல்டிங்காரர் தன் பெயருக்கு மாற்றினால் ஆர்.சி.யில் ஒரு ஓனர் கூடிவிடும், விலை இறங்கும், கட்டணமும் கட்ட வேண்டும். அதனால் முதல் சொந்தக்காரரிடம் வெற்றுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேராக மூன்றாவது ஆளுக்கு மாற்றுவார். இந்தச் சேவைக்குத்தான் 'ஆர்.சி. டிரான்ஸ்ஃபர்' என்று நம்மிடம் காசு. 2016 டிசம்பரில் திருத்திய மத்திய விதிப்படி காரின் பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய். கடன் குறிப்பு ஏற்ற 1,500. ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் தனி. ஐயாயிரம், ஏழாயிரம் என்று கடையில் எழுதித் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

வேறு மாநில வண்டிகளின் கதை தனி. டில்லிப் பகுதியில் பத்து வருடத்துக்கு மேலான டீசல் காரும் பதினைந்து வருடத்துக்கு மேலான பெட்ரோல் காரும் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வண்டிகள் மலிவாகத் தெற்கே இறங்கின. புதுச்சேரிப் பதிவு வண்டிகள் முன்பிருந்தே வருகின்றன. விலை கேட்டால் மலைப்பாக இருக்கும். என்.ஓ.சி., மறுபதிவு, தமிழ்நாட்டின் லைஃப் டாக்ஸ் எல்லாம் கட்டி முடித்தால் நம் ஊர் வண்டியின் விலையே வந்து நிற்கும். பதினைந்து வருடம் முடிந்த காரை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணமே 600இலிருந்து 5,000 ஆகிவிட்டது. விற்பவர் விற்கும்போது இதைச் சொல்வதில்லை. இன்சூரன்ஸிலும் ஒன்று உண்டு: பழைய சொந்தக்காரர் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த போனஸ் காரோடு வராது, அவரோடு போய்விடும். மிச்ச மாதங்களுக்கான வித்தியாசத்தைப் புதியவர்தான் கட்ட வேண்டும்.

வெற்றுக் கையெழுத்தின் விலையை விற்றவரும் கொடுத்திருக்கிறார். கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்த ஒரு காரில் 2009இல் விபத்து நடந்தது. கார் தன்னிடம் இல்லை, விற்று இரண்டு வருடமாகிறது என்றார் முதல் சொந்தக்காரர். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விற்கிறவர்கள் பயந்தது அதன் பிறகுதான்.

2022 டிசம்பரில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழைய வண்டி வியாபாரிகளுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். வியாபாரி பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்க வேண்டும், அது ஐந்து வருடம் செல்லும். வண்டி அவர் கைக்கு வந்ததும் 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நிமிடத்திலிருந்து அந்த வண்டியின் உரிமையாளராக அவரே கருதப்படுவார். அறுபது வருடப் பழைய தேதியில்லாக் கையெழுத்துக்கு, தாளளவிலாவது, முடிவு வந்தது. விதி நல்ல விதி. அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் கேட்டதை நான் இதுவரை பார்க்கவில்லை.

அண்மையில் என் மருமகன் ஒரு பழைய கார் வாங்கினார். கண்ணாடி அறை, ஏசி, காபி எல்லாம் கொடுத்தார்கள். பேரம் கிடையாது, போட்ட விலைதான் விலை. ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். டாக்குமென்டேஷன், பிராசஸிங், ஃபெசிலிடேஷன், வாரண்டி என்று வரிசையாக இருந்தன. "மாமா, இதுல எது நெசம், எது டூப்புங்க?" என்று கேட்டார். எங்கள் பேரேட்டில் ஒரே பத்தியில் கிடந்ததை இவர்கள் பிரித்துப் பிரித்து அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு வகையில் இது முன்னேற்றமே. பெயர் இருந்தால் கேள்வி கேட்கலாம். ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தது, அதை மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். வியாபாரி பழைய காருக்குக் கட்டும் வரி முழு விலைக்கு அல்ல, அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய காருக்கும் அது 18 சதவீதம். நான்கு லட்சத்துக்கு வாங்கி நான்கரைக்கு விற்றால் வரி 9,000. முழு விலைக்கு 18 என்று போட்டால் 81,000. இரண்டு தனி ஆட்கள் தங்களுக்குள் விற்றுக்கொண்டால் வரியே இல்லை. இந்த ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால், 'ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா' என்று சொல்கிறவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

கடனுக்கு வந்தால், 1972 சட்டம் கேட்டதில் முக்கியமான ஒன்று ஐம்பத்திரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள ஃபைனான்ஸ் கம்பெனியோ தரும் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அதில் வட்டி மட்டும் போதாது. பிராசஸிங், இன்சூரன்ஸ் என்று அவர்கள் வசூலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமல் பிறகு வாங்க முடியாது. உள்ளூர்ப் பங்குதாரர் ஃபைனான்ஸ்கள் இதில் வரமாட்டா; அங்கே இன்றைக்கும் ஃபிளாட்தான் ஆட்சி.

மருமகனின் கடன் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் கேளுங்கள் என்றேன். போய்க் கேட்டார், மூன்றாவது நாள் தமிழில் வந்தது. ஃபோனில் 9 சதவீதம் என்று சொல்லியிருந்தார்கள், தாளில் 16.8 இருந்தது. அவர் கடனை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். நீங்களும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அதே கார் பெருந்துறை ரோட்டில் இன்னொரு ஷெட்டிலும் நிற்கும்.